பூட்டுக்காரர் தனக்குத் தானே வாதாடிய வழக்கு

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பூட்டு ரிப்பேர் தொழில், வாய் உபதொழில். ஒரு பூட்டைத் திறந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி பீற்றிக்கொள்வார். ஒரு செல்போன் கடையில் பூட்டு உடையாமலே திருட்டுப் போனதும் போலீஸ் நேரே இவரிடம் வந்ததில் ஆச்சரியமே இல்லை. திருட்டு நடந்த அன்றைக்கு இவர் காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். பார்த்தது அக்கா மட்டும். பெண்டாட்டி சாட்சியை எவன் மதிக்கிறான்?

இலவச வக்கீல் ஏற்பாடு செய்வதாக நீதிபதியே சொன்னார். "என் கதைய என்னைவிட எவன் நல்லாச் சொல்லிடுவான்?" என்று அத்தான் மறுத்துவிட்டார். சில நாள் கோர்ட்டில் போய் உட்கார்ந்து, வக்கீல்கள் தொண்டையைக் கனைப்பதை மட்டும் சுத்தமாகக் கற்றுக்கொண்டு வந்தார்.

அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். "சாட்சிக்காரன்கிட்ட மூஞ்சியப் பாத்தியான்னு மட்டும் கேளுங்க. அப்புறம் வாயே தெறக்காதீங்க. நீங்க உள்ள போயிட்டா நானும் புள்ளைங்களும் நடுத்தெருதான்."

விசாரணையன்று சாட்சிக் கூண்டில், கடைக்கு எதிர்க் கட்டிடத்து வாட்ச்மேன். அத்தான் கம்பீரமாகக் கனைத்தார்.

"என் மூஞ்சியப் பாத்தீங்களா?"

"இல்லீங்க. முதுகுதான் தெரிஞ்சுது."

அதோடு வாயை மூடியிருந்தால் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கலாம். ஆனால் வாட்ச்மேன், "பாவம், பூட்டோட ரொம்ப நேரம் மல்லுக்கட்டினான்," என்று சேர்த்துச் சொன்னார். அத்தானுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"இந்தப் பூட்டோடயா? அவன் கத்துக்குட்டிங்க ஐயா. எனக்கு ஒரு நிமிஷம் போதும். வேணும்னா இங்கயே காட்டறேன்."

அரசு வக்கீலுக்கு வாயெல்லாம் பல். "காட்டட்டும் ஐயா," என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

நீதிபதி சம்மதிக்க, சாட்சிப் பொருளாக மேசைமேல் இருந்த பூட்டைக் கொடுத்தார்கள். குமாஸ்தாவிடம் ஒரு ஜெம் கிளிப் வாங்கி, நிமிர்த்தி உள்ளே விட்டார். மின்விசிறி இரைச்சலில் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. அவருக்கு நேர் பின்னால் இருந்த எனக்கு 'க்ளிக்' கேட்டது. பூட்டு திறந்தால் உடனே அக்காவிடம் காட்டியாக வேண்டும் அவருக்கு. பழக்கதோஷத்தில் திரும்பினார். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மனுஷனுக்கு உறைத்தது. திறந்த வளையத்தைக் கட்டைவிரலால் அமுக்கி மூடினார். பிறகு கம்பியை இப்படியும் அப்படியும் குடைந்தார், வியர்வையைத் துடைத்தார், பூட்டை மேசைமேல் வைத்தார்.

"முடியலீங்க ஐயா. சும்மா வாய்ச்சவடால் விட்டுட்டேன்."

பின்பெஞ்சில் குபீரென்று சிரிப்பு. அதில் பக்கத்துத் தெருப் பூட்டுக்காரரும் இருந்தார்.

முகத்தைப் பார்த்த சாட்சி இல்லை, இவருக்கு அந்தப் பூட்டைத் திறக்கும் திறமையும் இல்லை என்று தீர்ப்பை உரக்கப் படித்தார்கள். விடுதலை. அக்கா தேம்பித் தேம்பி அழுதாள்.

வெளியே வரும்போது அரசு வக்கீல் அத்தான் தோளில் தட்டி, "இனிமே வேற தொழில் பாத்துக்கப்பா," என்றார். எனக்கு அந்த ஆளை ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது. யார் எதைச் சொன்னாலும் பதிலுக்கு ஒன்பது சொல்கிற என் அத்தான், "சரிங்க சார்," என்றார்.