மீதி, வெளியே வந்த பிறகு

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் அந்த அம்மாளுக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. காலையில் வருகைப் பதிவில் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது தலைகாட்டும். மற்றபடி எல்லோருக்கும் அவள் பாதிக்கதை. "பாதிக்கதையை வரச் சொல்லு, ஜன்னலோரக் கட்டில் ரெடி" என்று பெரிய டாக்டரே சொல்லுவார். முந்தின நாள் வந்து படுத்த நோயாளிகூட மறுநாள் காலையில் "பாதிக்கதை அக்கா" என்று உறவு கொண்டாடிவிடுவார்.

பெயர் வந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லாரி மெக்கானிக்கை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனாள். ஆள் மலை மாதிரி இருந்தார். ஆனால் ஸ்ட்ரெச்சர் கம்பியை அவர் பிடித்திருந்த பிடியில் விரல் நுனியெல்லாம் வெளுத்துக் கிடந்தது. மல்லாந்து படுத்துப் போகிறவர்களுக்கு மேலே ஓடும் குழல்விளக்குகளும், தள்ளுகிறவளின் முகவாய்க்கட்டையும்தான் தெரியும். அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டே போனால் யாருக்குத்தான் பயம் வராது? இவளுக்கோ வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, ஒரு கதை சொல்லட்டுமா? ஒரு வீட்டுல திருடன் புகுந்துட்டான். நல்ல இருட்டு. அலமாரியைத் திறந்தான் பாருங்க, உள்ளே திணிச்சு வெச்சிருந்த துணியெல்லாம் மொத்தமா அவன் தலையில விழுந்துச்சு. புருஷன் குறட்டை விட்டுத் தூங்கறான். பொண்டாட்டிதான் முழிச்சுக்கிட்டா. லைட்டைப் போட்டா. கத்தலை, கூப்பாடு போடலை. இடுப்புல கையை வெச்சுக்கிட்டு, எல்லாத்தையும் மடிச்சு அடுக்கிட்டுப் போன்னா. திருடனும் நடுங்கிக்கிட்டே மடிக்கிறான், மடிக்கிறான், விடிஞ்சே போச்சு. புருஷன் எழுந்து வந்து, யாருடி இந்த ஆளுன்னு கேக்கறான். அதுக்கு அவ..."

தியேட்டர் கதவு திறந்துவிட்டது. பச்சை உடுப்புக்காரர்கள் ஸ்ட்ரெச்சரை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மெக்கானிக் கழுத்தைத் திருப்பித் திருப்பி இவளைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்.

வெளியே வந்தபோது அவருக்கு மயக்கம் முழுசாகத் தெளியவில்லை. தண்ணீர் கேட்கவில்லை. பக்கத்தில் கண் கலங்கி நின்ற மனைவியையும் கேட்கவில்லை. நாக்குக் குழறக் குழற, "அந்தப் பொம்பளை என்ன சொன்னா?" என்றார். மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. விஷயம் வேறு எங்கோ போவதற்குள் இவள் விழுந்தடித்து ஓடி வந்தாள்.

"அவ சொன்னா: உங்ககிட்ட இருபது வருஷமா சொல்றேன், இவர்கிட்ட ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்."

மெக்கானிக் சிரித்தார். அவர் மனைவி அவரைவிடப் பலமாகச் சிரித்தாள். அன்றைக்குத்தான் இவளுக்குச் சூட்சுமம் பிடிபட்டது. உள்ளே போகிறவரிடம் பாதியைக் கொடுத்து, பாதியைக் கையில் வைத்துக்கொண்டால், மீதியை வாங்க ஆள் திரும்பி வந்துதானே ஆக வேண்டும்? இதில் மருத்துவம் எதுவும் இல்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனால் கம்பியை இறுக்கிய கை தளர்கிறதா இல்லையா? அது போதும்.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. வார்டிலிருந்து லிஃப்ட் வரைக்கும் ஆரம்பம், லிஃப்டுக்குள் சிக்கல், கீழ்த் தாழ்வாரத்தில் சூடு, தியேட்டர் கதவில் கை வைக்கும்போது கத்தரித்தாற்போல் நிறுத்தம். "மீதி, வெளியே வந்த பிறகு." லிஃப்ட் சீக்கிரம் வந்துவிட்டால் நடுவில் ஒரு மாமியாரைச் சேர்ப்பாள். தாமதமானால் இரண்டு மாமியார். ஸ்ட்ரெச்சரின் முன்சக்கரம் ஒன்று எப்போதும் இடது பக்கமே இழுக்கும். இடுப்பால் ஒரு தள்ளு தள்ளி நேராக்கிக்கொண்டே கதையையும் நேராக்கிவிடுவாள்.

வினை வராமல் இருக்குமா? ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து வந்த ஒரு கணக்கு வாத்தியார் மீதிக் கதையைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் ஒரு தையல் விட்டுப்போனது. வார்டின் பெரிய சிஸ்டர் வந்துவிட்டாள். அவளுக்குக் கஞ்சி சிஸ்டர் என்று பெயர். உடுப்புக்குப் போடுகிற கஞ்சியில் கொஞ்சத்தை மிச்சம் பிடித்து முகத்துக்கும் போட்டுக்கொள்கிறாள் என்பது வார்டின் முடிவு. அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"உன்னை யாரு இங்க நாடகம் போடச் சொன்னது?" என்று ஆரம்பித்தவள் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். பாதிக்கதை தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கடைசியில் சிஸ்டர் சொன்னதுதான் யாரும் எதிர்பாராதது.

"இனிமே எந்தக் கதையா இருந்தாலும் முதல்ல எங்கிட்டச் சொல்லணும். முழுசா. நான் சரின்னா மட்டும் வெளியே சொல்லு."

அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. காலையில் மருந்து அலமாரிப் பக்கம் நின்றுகொண்டு பாதிக்கதை கையை ஆட்டி, கண்ணை உருட்டி, குரலை மாற்றிக் கதை சொல்லுவாள். கஞ்சி சிஸ்டர் ஊசி மருந்துகளை அடுக்கிக்கொண்டே கேட்பாள். உதட்டில் ஒரு சுழிப்புக்கூட இருக்காது. கேட்டு முடித்ததும் தீர்ப்பு வரும்.

"இது வயித்து ஆபரேஷனுக்கு வேண்டாம். கண்ணுக்கும் வேண்டாம், தலை ஆடும். முழங்காலுக்குச் சொல்லு."

சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு தடவைகூடக் கணிப்புத் தப்பியதில்லை. சிரிக்கவே தெரியாதவளுக்கு யார் எவ்வளவு சிரிப்பார்கள் என்பது மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. சிலர் மீதியை வாங்க வரவில்லை. அந்தக் கதைகளைப் பாதிக்கதை அப்புறம் யாரிடமும் சொன்னதில்லை. அவை அவளிடமே தங்கிவிட்டன. அந்த நாட்களில் வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களைத் தேவையில்லாமல் இரண்டாம் முறை தேய்ப்பாள். கணவன் தேய்த்ததை வாங்கித் துடைத்து வைப்பான்.

இப்படி இருக்கும்போதுதான் அவள் வயிற்றிலேயே ஒரு கட்டி. நாளைக்குப் பார்க்கலாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று வலியோடேயே ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒருநாள் லிஃப்டுக்குள் சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். எடுத்தே ஆக வேண்டும், எடுத்துப் பார்த்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் பெரிய டாக்டர். எத்தனையோ பேரைத் தள்ளிக்கொண்டு போனவள், தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டாள்.

"என்ன இவ்வளவு பயப்படற? ஊருக்கெல்லாம் தைரியம் சொல்றவ நீ" என்றான் கணவன். அவன் ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்ப்பவன், அதிகம் பேசமாட்டான்.

"எனக்கு யாருங்க பாதிக்கதை சொல்லுவா? எல்லாக் கதைக்கும் முடிவு எனக்குத் தெரியுமே. நான் எதைக் கேக்கத் திரும்பி வர்றது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சொல்லி முடித்ததும் முகம் உடைந்துவிட்டது. கணவன் மனசு தாங்காமல் ஒரு கதை ஆரம்பித்தான். "ஒரு வீட்டுல திருடன் புகுந்துட்டான். அலமாரியைத் திறந்தா, உள்ளே துணியே இல்ல..."

"துணி இருக்கும்ங்க. துணி விழுந்தாத்தான் கதையே."

"ஆமால்ல" என்றான் பாவம். பிறகு இரண்டு பேரும் அவள் பையில் துண்டும் மாற்றுத் துணியும் எடுத்து வைத்தார்கள்.

ஆபரேஷன் நாள் காலையில் ஸ்ட்ரெச்சர் கட்டில் பக்கம் வந்து நின்றது. பாதிக்கதை அண்ணாந்து பார்த்தாள். மேலே தெரிந்த முகவாய்க்கட்டை கஞ்சி சிஸ்டருடையது.

"நீங்களா சிஸ்டர்? இது உங்க வேலை இல்லையே."

"பேசாம படு" என்றாள் சிஸ்டர். உடுப்பு எப்போதையும்விட விறைப்பாக இருந்தது. முன்சக்கரம் இடது பக்கம் இழுத்துச் சுவரில் முட்டியது. "இடுப்பால தள்ளுங்க சிஸ்டர்" என்று படுத்தபடியே இவள் சொல்லிக்கொடுத்தாள். குழல்விளக்குகள் மேலே ஓடத் தொடங்கின. அவற்றை அவள் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. தன் விரல்கள் கம்பியை இறுக்குவது அவளுக்கே தெரிந்தது.

சிஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். பிறகு, டூட்டி மாறும்போது அடுத்த சிஸ்டரிடம் நோயாளியை ஒப்படைக்கிற அதே குரலில் ஆரம்பித்தாள்.

"ஒரு ஆண். வயசு நாப்பத்தஞ்சு. இடது கால்ல வலி, ஒரு வாரமா. புது ஷூ போட்டதுலேருந்து ஆரம்பம். மாத்திரை கொடுத்தும் குறையலை. எக்ஸ்ரே எடுத்தாங்க, நார்மல். ரத்தம், நார்மல். கடைசியில பார்த்தா, ஷூவுக்குள்ள கடைக்காரன் திணிச்சிருந்த காகிதத்தை எடுக்காமலே போட்டுக்கிட்டிருந்தார். காகிதத்தை எடுத்தாங்க. வலி போச்சு. டிஸ்சார்ஜ்."

இன்னும் லிஃப்டே வரவில்லை.

பாதிக்கதை கழுத்தைத் திருப்பி லிஃப்ட் கதவைப் பார்த்தாள். "சிஸ்டர்" என்றாள் மெதுவாக. "முடிச்சிட்டீங்களே."

ஸ்ட்ரெச்சர் நின்றுவிட்டது. எத்தனையோ கதைகளைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்ன மனுஷி, சொல்லத் தெரியாமல் முழுசாகக் கொட்டிவிட்டு நின்றாள். அவள் முகத்தில் கஞ்சியெல்லாம் கரைந்து போயிருந்தது. திருதிருவென்று விழித்தாள். லிஃப்ட் வந்து கதவைத் திறந்து காத்திருந்தது.

"இரு. இரு. வேற இருக்கு" என்று ஸ்ட்ரெச்சரை உள்ளே இடித்துத் தள்ளினாள். "ஒரு யானை. நம்ம ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு. பல் வலி."

"யானைக்கா?"

"குறுக்கே பேசாதே. மறந்துடும். வாசல்ல செக்யூரிட்டி, கூட வந்தவங்கள்ல ஒருத்தர்தான் உள்ளே வரலாம்னான். யானை, நான் தனியாத்தான் வந்தேன்னுச்சு. டோக்கன் வாங்கிட்டு பெஞ்சில உக்காந்துச்சு. பெஞ்சு போச்சு." சிஸ்டருக்கு மூச்சு வாங்கியது. லிஃப்ட் கீழே வந்தது, தாழ்வாரம் தொடங்கியது, ஸ்ட்ரெச்சர் இடதும் வலதுமாக ஓடியது. "பல் டாக்டர் மேல் மாடியில. படியேற முடியாதுன்னு லிஃப்டுக்குள்ள நுழைஞ்சிடுச்சு. லிஃப்டுக்குள்ள ஏற்கெனவே ஒரு ஆள் இருக்கு. யாரு தெரியுமா? நான்தான். கையில ஊசி ட்ரே. கதவு மூடிக்கிச்சு. பாதி மாடியில லிஃப்ட் நின்னு போச்சு. கரண்ட் இல்ல. யானை மெதுவா என் பக்கம் திரும்பி, என் கையில இருக்கிற ஊசியைப் பார்த்துச்சு. பார்த்துட்டு..."

தியேட்டர் கதவு.

"பார்த்துட்டு?" என்றாள் பாதிக்கதை. அவளையறியாமல் தலையைத் தூக்கிவிட்டிருந்தாள். கை கம்பியில் இல்லை.

சிஸ்டர் குனிந்து அவள் போர்வையைச் சரிசெய்தாள். "மீதி, வெளியே வந்த பிறகு."

கண் விழித்தபோது முதலில் வெளிச்சம் தெரிந்தது. அப்புறம் வலி. அப்புறம் ஒரு பக்கம் கணவனின் கை, இன்னொரு பக்கம் ஒரு வெள்ளை உடுப்பு. டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள் சிஸ்டர். உடுப்பெல்லாம் கசங்கிக் கிடந்தது. கட்டி கெட்டது இல்லை என்று டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதைச் சொல்லத்தான் கணவன் வாயைத் திறந்தான். ஆனால் இவள் முந்திக்கொண்டாள்.

"யானை என்ன சொல்லுச்சு?"

சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியலைம்மா. நானும் அப்பலேருந்து யோசிச்சுப் பார்த்துட்டேன், முடிவே வரலை. அதுவும் நானும் இன்னும் அந்த லிஃப்டுக்குள்ளதான் நிக்கிறோம். நீ வந்து திறந்துவிடுவேன்னு."

பாதிக்கதையின் கண்ணோரம் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள்.

"யானை ஊசியைப் பார்த்துச்சு. அப்புறம் உங்க மூஞ்சியைப் பார்த்துச்சு. பார்த்துட்டு... சிஸ்டர், எனக்குப் பல்லே இல்லைன்னு சொல்லிடுச்சு."

கணவன் பயந்து சிஸ்டரைப் பார்த்தான். சிஸ்டரின் தோள் குலுங்கியது. வாயைப் பொத்தினாள், அடங்கவில்லை. ஒரு கையால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, எதிர்க் கட்டில்காரர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்து பார்க்க, "சிரிக்காதே, தையல் போட்டிருக்கு, சிரிக்காதேன்னு சொல்றேன்ல" என்று திக்கித் திக்கி அதட்டினாள்.

"நான் சிரிக்கலை சிஸ்டர்" என்றாள் பாதிக்கதை. "நீங்கதான் சிரிக்கிறீங்க."