பச்சைத் துணிக்குக் கீழே

என் மகள் மாநில டென்னிஸ் பட்டியலில் மறுபடியும் முதலிடத்துக்கு வந்த அன்று எனக்கு இருந்தது ஒரே ஆசைதான். கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். போன் அடித்துக்கொண்டே இருந்தது. தேஹு ரோடு ராணுவ டிப்போ குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது பக்கத்து வீட்டில் இருந்தவர்கள், என் அலுவலகத்துக்காரர்கள், ஊரிலிருந்து என் தம்பி. எல்லோரிடமும் "ஆமாம், ரொம்ப சந்தோஷம்" என்று சொன்னேன். பொய் இல்லை. ஆனால் அந்தச் சந்தோஷம், நாள் முழுக்க மூட்டை தூக்கியவனுக்கு ராத்திரி கிடைக்கும் சாப்பாடு மாதிரி இருந்தது. பசி எப்போதோ போய்விட்டது.

அவள் டென்னிஸ் மட்டையைப் பிடித்தது தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், டிப்போ குடியிருப்பிலிருந்த ஒரே ஒரு மண் கோர்ட்டில். அதிகாரிகள் ஆடி முடித்த பிறகு குழந்தைகளை விடுவார்கள். நான் அங்கேயே ஓர் அலுவலகத்தில் எழுத்தர். கணவருக்கு போசரியில் ஓர் இன்ஜினியரிங் கம்பெனியில் வேலை. அவள் நன்றாக ஆடுகிறாள் என்று நாலு பேர் சொன்னதும் கிளப்புக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று ஔந்துக்கு வீடு மாறினோம். அதன்பிறகு நான் கட்கி ஸ்டேஷன் வரை ஸ்கூட்டியில் போய், அங்கிருந்து லோக்கல் பிடித்து அலுவலகம் போக வேண்டியதாயிற்று. காலை ஐந்தரைக்கு அவளைக் கோர்ட்டில் விட்டுவிட்டு வந்துதான் அடுப்பையே பற்றவைப்பேன்.

பதினாறு வயதுக்குட்பட்டோர் பட்டியலில் அவள் முதலிடத்தில் இருந்தபோதுதான் அது நடந்தது. ஓர் அரையிறுதி ஆட்டம். நான் முன் வரிசையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அவள் இடது பக்கமாகச் சறுக்கிப் போய்ப் பந்தை எடுத்தாள். அப்போது ஒரு சத்தம் கேட்டது. சாம்பாருக்கு முருங்கைக்காயை ஒடித்தால் வருமே, அதே சத்தம். அவள் கத்தவில்லை. யாருடைய காலோ அது என்பதுபோலத் தன் முழங்காலைப் பார்த்தாள், அப்புறம்தான் விழுந்தாள். முழங்காலுக்குள் இருக்கும் தசைநார் அறுந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷன், ஊன்றுகோல், பிசியோதெரபி. அன்றிலிருந்து இன்றுவரை நான் முருங்கைக்காயைக் கத்தியால்தான் நறுக்குகிறேன்.

இந்தப் பட்டியலுக்கு ஒரு விதி உண்டு. ஒரு போட்டியில் வாங்கிய புள்ளிகள் ஒரு வருடம்தான் நிற்கும். அடுத்த வருடம் அதே வாரம் வந்ததும் உதிர்ந்துவிடும். படுக்கையில் கிடப்பவளுக்கு அது தெரியாதா? போன வருடம் நாசிக்கில் ஜெயித்த வாரம் வந்தது, நாசிக் போயிற்று. கோலாப்பூர் வாரம் வந்தது, கோலாப்பூர் போயிற்று. தெருமுனை இன்டர்நெட் கடையில் பட்டியலைப் பார்த்துவிட்டு ஊன்றுகோலில் மாடியேறி வருவாள். "இன்னும் இருக்கேன் மா, ரெண்டாவது பேஜ்ல" என்பாள். ஒருநாள் எதுவும் சொல்லாமல் சாப்பிட உட்கார்ந்தாள். நான் தட்டைப் போட்டேன்.

திரும்பி ஆட வந்தபோது அவளுக்குப் பதினேழு வயது. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் பிரிவில், பெயரே இல்லாத இடத்திலிருந்து தொடங்க வேண்டும். தகுதிச் சுற்று, அதில் ஜெயித்தால் முதல் சுற்று. "மறுபடி மேலே போயிட்டு அப்புறம் பேசலாம் மா" என்றாள். என்ன பேசுவதென்று இருவருக்குமே தெரியும். ஆட்டம் போதும், இனி படிப்பைப் பார், முழங்காலைக் காப்பாற்றிக்கொள் என்று நான் சொல்லப்போவது. மேலே போகாமல் அதைக் கேட்க அவள் தயாராக இல்லை.

என்னால் பார்க்க முடியவில்லை. அவள் இடது பக்கம் ஓடினாலே நான் கண்ணை மூடிக்கொண்டுவிடுவேன். ஆகவே அவளை உள்ளே அனுப்பியதும், "பேங்குக்குப் போயிட்டு வந்துடறேன்", "காய் வாங்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கோர்ட்டின் பின்பக்கம் போய் நிற்பேன். கம்பிவேலி நெடுகக் காற்றுக்காகவும் மறைப்புக்காகவும் கனமான பச்சைத் துணி கட்டியிருப்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு நான் தெரிய மாட்டேன், எனக்கும் அவர்கள் தெரிய மாட்டார்கள். அதற்காகவே அந்த இடம்.

ஆனால் ஆட்டம் காதில் விழும். சின்ன போட்டிகளில் எல்லா ஆட்டத்துக்கும் அம்பயர் கிடையாது. சர்வ் போடுகிறவள்தான் ஒவ்வொரு முறையும் ஸ்கோரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அவள் சர்வ் போட்டால் அவள் குரல், எதிராளி போட்டால் அந்தப் பெண்ணின் குரல். "ஃபிஃப்டீன் லவ்." "தர்ட்டி ஆல்." இப்படியே முழு ஆட்டத்தையும் நான் துணிக்கு வெளியே நின்று தெரிந்துகொள்வேன். அவள் ஸ்கோர் சொன்னால் கால் இன்னும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அது போதும். ஜெயிக்கிறாளா தோற்கிறாளா என்பது இரண்டாம் பட்சம். மாதக்கணக்கில் இப்படித்தான் நின்றேன். நடந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். என்னால் ஓரிடத்தில் நிற்க முடியாது.

அவள் ஒவ்வொரு படியாக மேலே போய்க்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளப் வாசல் டீக்கடையில், இன்னொரு பெண்ணின் அப்பா என்னிடம் வந்தார். அவர் மகளும் என் மகளும் அடிக்கடி மோதுகிறவர்கள். மராத்திக்காரர், வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்ல மனசு. அண்ணி முறை வைத்து என்னை வஹினி என்பார்.

"வஹினி, உங்க பொண்ணு டென்னிஸ் ஆடறாளா, மார்க்கெட் யார்டுல வெங்காயம் ஏலம் விடறாளா?" என்றார்.

"ஏன், என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? தர்ட்டி ஃபார்ட்டின்னு அவ கத்தறது எங்க வீட்டு மாமியாருக்கே கேக்கும். அவங்களுக்குக் காதே கேக்காது. என் பொண்ணு பயந்துபோய் ரெஃப்ரிகிட்ட கம்ப்ளெயின்ட் பண்ணிட்டா. நெட்டுக்கு அந்தப் பக்கம் கேட்டா போதும்னு அவர் வார்னிங் கொடுத்திருக்கார். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. துணிக்கு வெளியே எல்லாமே எனக்குத் தெளிவாகக் கேட்டதே தவிர, அது அதிகச் சத்தம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

வீட்டுக்கு வந்து, அவள் முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு சோபாவில் நீட்டிப் படுத்ததும் கேட்டேன்.

"எதுக்குடி கோர்ட்டுல அப்படிக் கத்தறே?"

"சும்மா."

"சும்மாவா? வார்னிங் வாங்கியிருக்கே, சொல்லவே இல்ல?"

"நீ எங்க போயிருந்தே மா?"

"பேங்குக்கு."

"இன்னிக்கு சண்டே."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அவள் அப்பா இருமினார். இருமல் இல்லை, சிரிப்பு.

"அந்தப் பச்சை பர்தா தரை வரைக்கும் வராது மா," என்றாள் அவள். அவளுடைய தமிழ் எப்போதுமே யோசித்து யோசித்து வரும். "கீழ இவ்ளோ கேப் இருக்கு. உன் பிரவுன் சப்பல் தெரியும். புடவைக் கரையும் தெரியும். முதல் மேட்ச்லேர்ந்தே தெரியும்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீ நிக்கவே மாட்டே. நான் சர்வ் போட பால் தூக்கும்போது உன் கால் அந்தக் கோடிலேர்ந்து இந்தக் கோடிக்குப் போகும். எனக்கு டென்ஷனா இருக்கும். ஸ்கோர் சத்தமா சொன்னா கால் நிக்கும். அப்புறம் நான் போடுவேன். அதான்."

"எனக்காகவா கத்தினே?"

"பின்னே? ஏலம் விடவா?"

"அடுத்த தடவை என் ஃபேக்டரி ஷூவைப் போட்டுக்கிட்டுப் போ," என்றார் அவள் அப்பா. "அடையாளம் தெரியாது."

அவர்கள் இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய முழங்காலை நான் சுமந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அவள் தன் காலோடு என் கால்களையும் சேர்த்து ஆடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கொஞ்ச நாளில் அந்த இறுதி ஆட்டம் வந்தது. ஜெயித்தால் மறுபடி முதலிடம். தோற்றால், வருகிற வாரங்களில் உதிரும் புள்ளிகளோடு மறுபடி கீழே. எதிரில் அந்த மராத்திக்காரரின் மகள். காலையில் தலை பின்னும்போது அவள் சொன்னாள். "இன்னிக்கு ஃபைனல், அம்பயர் இருப்பார் மா. அவர்தான் ஸ்கோர் சொல்லுவார். வெளிய உனக்குக் கேக்காது. நீ எங்க வேணா நில்லு. ஆனா நடக்காதே."

சரி என்றேன். துணிக்கு வெளியே போய், செருப்பை அழுத்தி ஓரிடத்தில் நின்றேன். அம்பயரின் குரல் எனக்கு வெறும் முனகலாகத்தான் வந்தது. பந்துச் சத்தம் வருகிறது, நிற்கிறது. யாருக்குப் புள்ளி? ஏன் நின்றது? கால் என்ன ஆயிற்று? முதல் செட் முடிந்த கைதட்டல் கேட்கும்வரை தாங்கினேன். அதற்குமேல் முடியவில்லை. இருவரும் பக்கம் மாறும்போதுதான் கதவைத் திறப்பார்கள். அப்போது உள்ளே போய் முன் வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் மராத்திக்காரர் தன் பையை நகர்த்தி இடம் கொடுத்தார்.

"வாங்க வஹினி. ஏலக்காரி இன்னிக்கு மௌன விரதமா?"

முதல் செட் என் மகளுடையது என்று பலகையில் பார்த்தேன். அவள் சர்வ் போடும் முறை. பந்தைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். கண் எதிர்ப்பக்கப் பச்சைத் துணியின் அடிவிளிம்புக்குப் போயிற்று. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். அங்கே வெளிச்சமும் கொஞ்சம் புல்லும் மட்டும்தான். பந்தைத் தூக்கினாள். வலை. இரண்டாவது, அதுவும் வலை. மறுபடி அங்கேயே பார்த்தாள். மறுபடியும் இரண்டு தவறு.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் ஆட்டத்தின் நடுவே பெற்றோர் வாய் திறக்கக் கூடாது, சைகை காட்டக் கூடாது. இங்கே இருக்கிறேன்டி என்று ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்குத்தான் தண்டனை.

"உங்க பொண்ணு அங்க என்ன தேடறா?" என்றார் அவர்.

"என் செருப்பை," என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்த கேம் போயிற்று, அடுத்ததும் போயிற்று. பக்கம் மாற வந்தபோதுதான் அவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. கோபம் மாதிரி ஏதோ இருந்தது. பார்வை கீழே இறங்கி என் செருப்பில் நின்றது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அந்த இடைவேளை முழுவதும் எடுக்கவில்லை.

அந்த செட்டை இழந்தாள். மூன்றாவது செட்டில்தான் அவளுடைய ஆட்டத்தை நான் கண்ணால் பார்த்தேன். இத்தனை மாதமாகக் காதால் மட்டும் கேட்டிருந்த ஆட்டம். அவள் இப்போது சறுக்குவதே இல்லை. இடது பக்கம் போகிற பந்துக்குச் சின்னச் சின்ன அடியாக வைத்து ஓடுகிறாள். ஆட்டத்தை நீள விடாமல் வலைக்கு வந்து முடிக்கிறாள். இதையெல்லாம் எப்போது கற்றுக்கொண்டாள்? காலைக் காப்பாற்றிக்கொள் என்று நான் சொல்லக் காத்திருந்ததை அவள் முன்பே செய்துகொண்டிருந்தாள்.

கடைசி கேமுக்கு முன்னால் ஒரு பந்துக்குத் திரும்பும்போது கால் இடறி விழுந்தாள். நான் எழுந்துவிட்டேன். அவள் செம்மண்ணில் உட்கார்ந்தபடியே என் பக்கம் உள்ளங்கையைக் காட்டிக் கீழே அமர்த்தினாள். உட்கார். உட்கார்ந்தேன். அவள் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, சர்வ் போடப் போனாள். கடைசிப் புள்ளி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கைதட்டல் எல்லாம் முடிந்து அவள் என் பக்கத்து நாற்காலியில் வந்து விழுந்தாள்.

"ஏன் மா சொல்லாம உள்ள வந்தே? கால் காணோம்னதும், நீ எங்கயோ மயங்கி விழுந்துட்டேன்னு நெனச்சேன். பயந்துட்டேன்."

"எனக்குக் கேக்கல. அதான் வந்தேன்."

"அடுத்த தடவை முன்னாடியே சொல்லிடு. உள்ளயா, வெளியவா?"

புதிய பட்டியல் வந்த அன்று போன் அடித்துக்கொண்டே இருந்ததை முதலிலேயே சொன்னேன். அன்று சாயங்காலம் அவளே பேச்சை எடுத்தாள். "இப்ப பேசலாம் மா. என்ன சொல்லணுமோ சொல்லு." ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த எதையும் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. "அடுத்தது எந்த ஊர்?" என்றேன். சோலாப்பூர் என்றாள். முதலிடத்தில் இருப்பவளுக்குப் புள்ளிகள் அன்றிலிருந்தே உதிரத் தொடங்கிவிடுகின்றன.

சோலாப்பூரில் கோர்ட் வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் என்னைப் பார்த்து நின்றாள்.

"உள்ள," என்றேன்.

உட்கார்ந்தேன். இரண்டு செருப்பையும் சிமென்ட் தரையில் அழுத்தி வைத்தேன். பாதம் மரத்துப் போனது. அவள் பந்தைத் தட்டிவிட்டு, ஒருமுறை என் காலைப் பார்த்துவிட்டு, நெட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கிற அளவுக்கு மட்டும் ஸ்கோரைச் சொன்னாள்.