ஒன்பதாம் விதி

பொறாமை எனக்குப் புதிதல்ல. துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, பக்கத்து மேசைக்காரருக்குச் சன்னலோர இடம் கிடைத்ததற்கே மூன்று நாள் சரியாகச் சாப்பிடாதவன் நான். ஆனால் ஒரு ஜவுளிக்கடைச் சிப்பந்தியைப் பார்த்து வயிறெரிவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

சிராங்கூன் சாலையில் ஒரு மாவு மில்லின் மாடியில், ஞாயிறு மதியம்தோறும் தமிழ் இலக்கிய வகுப்பு நடந்தது. ஊரில் இரண்டு வருஷம் கல்லூரியில் வாசித்துவிட்டு இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஒருவர் அதை நடத்தினார். பல்கலைக்கழகத்தில் எப்படியோ அப்படியே இங்கும் நடக்கவேண்டும் என்பது அவர் பிடிவாதம். நாங்கள் பதினான்கு பேர், எல்லோரும் மீசை முளைத்து வேலைக்குப் போகிறவர்கள். கீழே மிளகாய் அரைக்கும் நாளில் பாலைத் திணைப் பாடல் நடத்தினால் பதினான்கு பேருக்கும் கண்ணீர் வரும். ஆசிரியர் அதைப் பாட்டின் பெருமை என்று எடுத்துக்கொள்வார்.

விதிகள் பன்னிரண்டு. மணி அடித்தபின் வருகிறவர் வாசலில் நின்றபடியே பாடம் கேட்கவேண்டும். மூன்று முறை வராதவர் பெயர் அடிக்கப்படும். மனப்பாடத்துக்கும் வருகைக்கும் பாதி மதிப்பெண், வருஷ முடிவில் எழுதும் கட்டுரைக்கு மறுபாதி. கட்டுரையை ஆசிரியரிடம் கொடுக்குமுன் சக மாணவர் ஒருவர் வாசித்து, அதில் மூன்று குறைகளை எழுதிக் கையெழுத்திட வேண்டும். மூன்றுக்குக் குறைந்தால் வாங்கமாட்டார். குறையே இல்லாத கட்டுரை இந்தத் தீவில் எழுதப்படவில்லை என்பார்.

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் விதிகளைப் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. எழுதியவன் நான் என்பதால் விதிகளும் என்னுடையவை என்ற நினைப்பு எப்படியோ வந்துவிட்டது. முதல் கட்டுரைக்காரர் ஆண்டு விழாவில் மேடையேறிப் பேசவேண்டும் என்பது பன்னிரண்டாவது விதி. அதை எழுதும்போதே அந்த மேடை எனக்குத்தான் என்று தீர்மானித்து, சரிகை அங்கவஸ்திரம் ஒன்றும் வாங்கி வைத்துவிட்டேன்.

மூன்றாம் மாதம் அவர் வந்து சேர்ந்தார். நாகூர்ப் பக்கத்து மரைக்காயர். அரபுத் தெருவில் ஒரு கடையில் துணி அளந்து கிழிக்கிற வேலை. ஞாயிறும் கடை உண்டு. முதலாளியிடம் கெஞ்சி இரண்டு மணி நேரம் வாங்கிக்கொண்டு, வேர்த்து வழிய ஓடிவருவார். பாதி நாள் வாசலில் நின்றுதான் பாடம் கேட்டார். நின்று கேட்ட பாட்டை அடுத்த வாரம் ஓர் அசை பிசகாமல் ஒப்பிப்பார். நான் வாரம் முழுக்க உருப்போட்டு, நான்காம் அடியில் தடுக்கி விழுவேன். ஆசிரியர் என்னை நிறுத்திவிட்டு வாசல் பக்கம் திரும்பி, "பாய், நீங்க சொல்லுங்க" என்பார். அந்த 'நீங்க சொல்லுங்க' இன்னும் என் காதில் குத்துகிறது.

அவரை வெறுக்கவாவது முடிந்திருக்கலாம். அதற்கும் வழி வைக்கவில்லை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனாலும் வாய் நிறைய "கிராணியாரே" என்பார். பெருநாளன்று எனக்கென்று வட்டிலப்பம் கொண்டுவந்தார். அதையும் தின்றுகொண்டே பொறாமைப்பட்டேன்.

கட்டுரைக்குத் தலைப்பு 'பாலைத் திணையில் பிரிவு'. யார் யாருடையதை வாசிப்பது என்று ஆசிரியர் சீட்டுப் போட்டார். எனக்குப் பாய், பாய்க்கு நான்.

என் கட்டுரையை வாங்கிப்போனவர் நான்கே நாளில் திருப்பித் தந்தார். மூன்று குறைகளும் நியாயமானவை. முதல் இரண்டு பக்கம் வெறும் பீடிகை, எடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தார். எடுத்துப் பார்த்தேன். கட்டுரை எழுந்து நின்றது. அதற்காகவும் அவர்மேல் எரிச்சல் வந்தது.

அவருடையதை என் அறையில் உட்கார்ந்து வாசித்தேன். முதல் நான்கு பக்கம் சுமார். எனக்கு மூச்சு வந்தது. ஐந்தாம் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: 'பாலையைக் கடந்து போகிறவனையே எல்லாரும் பாடுகிறார்கள். நான் கப்பலேறிய பின்னும் என் மனைவி ஒரு வாரம் என் பங்கு அரிசியையும் சேர்த்தே அளந்து உலையில் போட்டாளாம். மிஞ்சிய சோற்றைப் பார்த்த பிறகுதான் நான் இல்லை என்பது அவளுக்கு உறைக்குமாம். அந்தச் சோற்றுக்கு எந்தத் திணை?'

தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மேடை போயிற்று என்று தெரிந்தது.

குறை மூன்று வேண்டும். முதல் இரண்டும் கையெழுத்து, பத்தி பிரித்தது என்று எதையோ எழுதினேன். மூன்றாவதாக, 'சொந்தக் கதை இலக்கியக் கட்டுரையில் வரலாகாது. நீக்குக' என்று என் முத்து முத்தான எழுத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

அடுத்த ஞாயிறு, மாடிப்படியில் என்னை நிறுத்திக் கேட்டார்.

"கிராணியாரே, அந்தச் சோத்து விஷயம்... அது கூடாதுன்னு விதியில இருக்கா?"

சுவரிலிருந்த தாளில் கூரை ஒழுகி, எட்டாம் விதிக்குக் கீழே எல்லாம் கரைந்த மையாகக் கிடந்தது. அதில் என்ன இருந்தது என்று ஆசிரியருடைய நோட்டுக்கும் எனக்கும்தான் தெரியும்.

"இருக்கு பாய். ஒன்பதாம் விதி."

"அப்ப எடுத்துர்றேன். நீங்க சொல்லலேன்னா பேரையே அடிச்சிருப்பாங்க. நல்ல வேளை."

எடுத்துவிட்டார். என் கட்டுரை முதலாக வந்தது, அவருடையது ஐந்தாவது. நான் ஜெயித்த அன்றும் சரியாகச் சாப்பிடவில்லை.

பந்தயத் திடலுக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு ஆண்டு விழா நடந்தது. அங்கவஸ்திரத்தோடு ஏறினேன். பத்து நிமிஷத்தில் கூட்டம் இருமத் தொடங்கியது. பின்வரிசையில் வெற்றிலைப் பெட்டிகள் திறந்தன. என் கட்டுரையில் பிழை ஏதும் இல்லை, உயிரும் இல்லை. அது எனக்கே கேட்டது. அடுத்த வரி மறந்து நின்றேன். அப்போது என் வாய் தானாகச் சொல்லியது: "அவன் போன பின்னும் ஒரு வாரம் அவன் பங்கு அரிசியையும் சேர்த்தே அளந்தாள் ஒருத்தி."

இருமல் நின்றது. நான் நிறுத்தவில்லை. மிஞ்சிய சோறு, உறைத்தது, எந்தத் திணை என்ற கேள்வி, ஒன்றுவிடாமல் சொன்னேன். நான்காம் அடியில் தடுக்குகிற எனக்கு அது ஓர் எழுத்துப் பிசகாமல் வந்தது. கொட்டகையில் இருந்த முக்கால்வாசிப் பேர் பெண்டாட்டி பிள்ளையை ஊரில் விட்டுவந்தவர்கள். பலர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள். அன்று கீழே மிளகாய் மில் இல்லை.

இறங்கியபோது அவர் எதிரே வந்தார். கத்தினால் தேவலை என்று இருந்தது.

"நான் மேடையேறியிருந்தா அந்த இடத்துல அழுது கெடுத்திருப்பேன். நீங்க அழாம சொல்லிட்டீங்க. அவளுக்குக் கடுதாசி போடணும், உன் சோத்தக் கேட்டு ஒரு சபையே அழுதுச்சுன்னு." என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுகூட எனக்கு வெட்கத்துக்கு முன்னால் வந்தது பொறாமைதான். கடிதம் போட அவருக்கு ஒருத்தி இருந்தாள். எனக்காக ஒரு பிடி அரிசி கூடுதலாக அளக்க எந்த ஊரிலும் யாரும் இல்லை. அதுவரை அவருடைய தமிழைப் பார்த்துத்தான் எரிகிறேன் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு ஆசிரியர் தம் நோட்டை நீட்டி, கரைந்துபோன விதித் தாளைப் புதிதாக எழுதச் சொன்னார். நான் வாசித்து எழுதிக்கொள்கிறேன் என்றேன். "ரெண்டு வேலை எதுக்கு? பாய் சீக்கிரம் வந்துட்டாரு, அவர் வாசிக்கட்டும்" என்றார். பாய் நோட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் ஒவ்வொன்றாக வாசிக்க நான் எழுதினேன். எட்டு முடிந்தது.

"ஒன்பது. கட்டுரையைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டுமே எழுதவேண்டும். ஓரத்தில் இரண்டு விரல் இடம் விடவேண்டும்."

நான் எழுதி முடித்தேன். தலையைத் தூக்கவில்லை. நோட்டில் அவர் விரல் ஒன்பதாம் விதியின் கீழே இன்னொரு முறை மெதுவாக ஓடியது. கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பக்கத்தைத் திருப்பாமலே, அதே குரலில் வாசித்தார்.

"பத்து. பிறர் எழுதியதைத் தன்னுடையதாகச் சொல்கிறவர் பெயர் அடிக்கப்படும். எழுதிக்குங்க, கிராணியாரே."