பின்னால் திரும்பாத முள்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கோவையாக எழுத வராது, பாதி மறந்தும் போயிற்று, பொறுத்துக்கொண்டு படியுங்கள். மறக்காதது ஒரு சத்தம்: ஆளில்லாத தொட்டில் தானாக ஆடும் "கிறீச், கிறீச்".

அதை நான் கேட்டது கொடைக்கானலில், ஈரக் கம்பளி நாறும் ஒரு தகரக் கொட்டகையில், பகல் ஆட்டத்தில். எனக்கு ஏழு வயதிருக்கும். பூம்பாறையிலிருந்து பூண்டு மூட்டையோடு போன சித்தப்பா, "சிரிப்புப் படமாம், வா ஆத்தா" என்று என்னைக் கூட்டிப்போனார். படத்தில் கோமாளி போன்ற ஒருவன் பீப்பாய் மாதிரி ஒரு யந்திரத்துக்குள் ஏறி, அதிலிருந்த கடிகார முள்ளைப் பின்னால் திருப்புவான். உடனே காலம் பின்னே போகும், வழுக்கைத் தலையில் முடி முளைக்கும், கிழவி குமரியாவாள். தொட்டிலில் கிடந்த பிள்ளை, இன்னும் பிறக்காத நாள் வந்துவிட்டதால், மறைந்தே போயிற்று; வெறுந்தொட்டில் மட்டும் கிறீச் கிறீச்சென்று ஆடியது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா சட்டிக்குள்ளெல்லாம் தேட, கொட்டகையே உருண்டு சிரித்தது. நான் அலறிக்கொண்டு வெளியே ஓடிவிட்டேன்.

காரணம், எங்கள் வீட்டிலும் ஒரு தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. எனக்குப் பின் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போய், மூன்றாவதாகப் பிறந்த தங்கச்சிக்கு அப்போது நாற்பது நாள்கூட ஆகவில்லை. "காத்து கருப்பு" அண்டாமலிருக்கத் தொட்டிலுக்கடியில் அம்மா ஒரு கதிர் அரிவாள் வைத்திருந்தாள். அந்த இரும்பை யாரும் தொடக்கூடாது. எதிர்ச்சுவரில், ஊரைவிட்டுப் போன துரை ஒருவரிடம் அப்பா வாங்கிய கடிகாரம். அது எப்போதும் வேகமாக ஓடும். வெள்ளிதோறும் பள்ளிக்கூடத்தில் ஒன்பது மணி அடித்ததும் அப்பா முள்ளைப் பத்து நிமிஷம் பின்னால் திருப்புவார்.

மறுநாள் வெள்ளி. எத்தனை முறை திருப்பினால் தங்கச்சி பிறக்காத நாள் வரும் என்று விரல்விட்டு எண்ணினேன். கணக்கு வரவில்லை. அம்மா துணி காயப்போடப் போனதும், பேயையே தடுக்கிற இரும்பு இதைத் தடுக்காதா என்று, முக்காலியில் ஏறி அரிவாளைக் கடிகாரப் பெட்டிக்குள் செருகினேன். பெண்டுலம் நின்றது.

"இரும்பு எங்கடி? ஐயோ, எம்புள்ள!"

அம்மா போட்ட கூச்சலில்தான், தங்கச்சியைக் காத்ததை நானே எடுத்துவிட்டது உறைத்தது. தொட்டிலை எட்டிப் பார்க்கத் துணிவில்லாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அம்மா பிள்ளையை வாரி எடுத்த பிறகும் சத்தமில்லை. அப்புறம் தங்கச்சி வீரிட்டு அழுதாள்.

ஓடிவந்த அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் விக்கி விக்கிச் சொன்னேன். சித்தப்பா தன் வழுக்கையைத் தடவி, "அப்ப எனக்கும் முடி மொளைக்கட்டும், வெரசாத் திருப்புங்கண்ணே!" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"சும்மா இருங்க கொழுந்தனாரே. ஏங்க, இனிமே அந்த முள்ளப் பின்னாடி திருப்ப வேணாம்."

அதன்பிறகு வெள்ளிதோறும் அப்பா, முள் ஒன்பதைத் தொட்டதும் பெண்டுலத்தைக் கையால் நிறுத்திவிட்டு, பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை அதன் கீழேயே உட்கார்ந்து காத்திருப்பார்.

கொட்டகை இன்று இல்லை, கடிகாரமும் இல்லை. தங்கச்சி பேத்தி எடுத்துவிட்டாள். வெறுந்தொட்டில் ஆடினால் இன்றும் கை தானாகப் போய்ப் பிடித்து நிறுத்துகிறது. படத்தின் பெயர் நினைவில்லை. பாதியில் ஓடிவந்ததால் முடிவும் தெரியாது. பார்த்தவர்கள் யாராவது இருந்தால், நான் எழுதியதைச் சரிபார்த்து, அந்தக் கோமாளி முள்ளைத் திரும்ப முன்னால் திருப்பினானா, அந்தப் பிள்ளை தொட்டிலுக்கு வந்து சேர்ந்ததா என்று மட்டும் சொல்லுங்கள்.