மாலை போடக்கூடாத முகங்கள்

இலங்கையில் சண்டை முடிந்த பிறகு, அங்குள்ள ஓவியர்களுக்குக் கைகொடுக்க ஒரு சங்கம் நடத்துகிறார்கள். லாபம் பார்க்காத சங்கம். வரைய இடம், வண்ணம், வெளியூரில் படங்களை வைக்க வழி எல்லாம் செய்து கொடுப்பார்களாம். அப்படித்தான் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி மலேசியாவில் எங்கள் ஊரான பாடாங் செராய்க்கு வந்தாள். எங்கள் கோயில் மண்டபத்தில் கண்காட்சி. தங்கியது என் வீட்டில்.

பழைய சேலைத் துணியில் கரியால் வரைந்த முகங்கள். யாரென்று நான் கேட்கவில்லை. எங்கள் வீடுகளில் படம் என்றால் ஒன்று சாமி, இல்லாவிட்டால் செத்தவர். சண்டையில் போனவர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கோயிலுக்குப் பூ கட்டுகிறவள் நான். கண்காட்சியன்று விடியற்காலையிலேயே போய் எல்லாப் படங்களுக்கும் மாலை போட்டேன். புண்ணியம் என்றுதான் நினைத்தேன்.

உள்ளே வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அக்கா, இதை ஆர் போட்டது?”

“நாந்தாம்மா. வெறுமனே தொங்குது, பாவம்லா.”

“இவை செத்தவை இல்லையக்கா. காணாமல் போனவை. ‘மாலை மட்டும் போட விடாதே பிள்ளை’ எண்டு சொல்லித்தான் அம்மாமார் போட்டோ தந்தவை. நான் சத்தியம் பண்ணினனான்.” கடைசிப் படத்தைக் காட்டினாள். “இது என்ர அண்ணா.”

பெற்றவள் காத்திருக்கும் பிள்ளையை நான் செத்தவனாக்கிவிட்டேன். இருவரும் கழற்றத் தொடங்கினோம். கோயில் தலைவர் எட்டிப் பார்த்தார்.

“என்னாக்கா, இப்பதான போட்டீங்க? பூ வாடிப்போச்சா?”

“புத்திதான் வாடிப்போச்சு தம்பி. வந்து ஏணியப் புடிங்க.”

படித்தவர்கள் என்றால் மன்னிப்புக் கேட்க வார்த்தை வைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்தது சாமி சன்னதிதான்.

“அண்ணன் பேருல அர்ச்சனை பண்ணலாமாம்மா? அர்ச்சனை உயிரோட இருக்கறவங்களுக்குத்தான். நட்சத்திரம் என்னா?”

அவளுக்குத் தெரியவில்லை. ஊருக்குப் போன் போட்டாள். மாலை போட்டதையும் அம்மாவிடம் மறைக்காமல் சொன்னாள். அந்தப் பக்கம் ஜாதகக் குறிப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “சுவாதி” என்றது குரல். “ஐயர் ராசி கேட்டால் துலாம் எண்டு சொல்லு.”

ஐயர் தட்டை வாங்கிப் பெயர் கேட்டார். அவளே சொன்னாள், மண்டபம் வரை கேட்கும்படி.

மற்றவர்களுக்கும் நட்சத்திரம் வேண்டுமே. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த அம்மாவின் எண்ணை அழுத்தினாள். நான் பக்கத்தில் நின்றேன், திட்டு விழுந்தால் வாங்கிக்கொள்ள.