முள் எடுத்த மீன்

புளியும் மஞ்சளும் சேர்ந்து கொதிக்கும் பாராங் மீன் குழம்பின் வாசனையோடு சாம்பிராணிப் புகையும் கலந்து வந்தால், மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்குப் போகி வந்துவிட்டது என்று அர்த்தம். அன்று "பார்ச்சு". இறந்துபோன உறவினர் ஒவ்வொருவருக்கும் வாழையிலை விரித்து, பிடித்ததைப் படைத்து, அவர்கள் வந்து உண்ணட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்போம். திறக்கும்முன் கதவைத் தட்ட வேண்டும். சாப்பிடுகிறவர்களைத் திடுக்கிட வைக்கக்கூடாதாம்.

நாட்டுக்கு மெர்டேக்கா என்னும் சுதந்திரம் கிடைத்ததை அடுத்து வந்த போகி அது. அப்பாவின் தோளில் உட்கார்ந்து பண்டார் ஹிலிர் திடலில் கொடி அசைத்த என் ஆறு வயதுத் தம்பி கண்ணன், அதன்பின் வந்த ஒரு காய்ச்சலில் போய்விட்டிருந்தான். மலாக்காச் செட்டி குடும்பத்தில் பிறந்த அப்பாவுக்குப் பேச்செல்லாம் மலாய். ரப்பர் தோட்டத்திலிருந்து வாழ வந்த அம்மாவிடம் மட்டும் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவார்.

"எல்லாருக்கும் இலை இருக்கு. அவனுக்கு மட்டும் இல்லன்னா காசியான், பாவம் இல்ல?" என்று மலாய் கலந்து கேட்டார் அப்பா.

"செத்தவங்க வரிசையில எம்புள்ளைய உக்கார வைக்க மாட்டேன்" என்று அம்மா ஒரே பிடியாக நின்றார்.

அப்பா வாதாடவில்லை. ஓர் இலையைக் கழுவி ஓரத்தில் விரித்து, பெரிய மீன் துண்டாகப் பார்த்து வைத்தார். துக்கத்தை இறக்கி வைக்க அவருக்கு அந்த முறைமை ஒன்றுதான் இருந்தது. ஒன்பது வயதான எனக்கோ, கதவிடுக்கில் எட்டிப் பார்த்து அவனைக் கண்டுவிட வேண்டும் என்பதே நினைப்பு.

கதவைச் சாத்தப் போகும் நேரத்தில் நான்கு வயதுத் தங்கை செல்வி கத்தினாள்: "அப்பா, சாத்தாதீங்க! அண்ணன் மீனுக்கு யாரு முள்ளு எடுக்கிறது?"

பாராங் மீன் ருசிக்குப் பேர்போனது, முள்ளுக்கும்தான். அம்மா எடுத்துத் தராமல் கண்ணன் அதைத் தொடவே மாட்டான். செல்வியின் குரல் கேட்டு, அடுக்களையில் சுருண்டு கிடந்த அம்மா எழுந்து வந்து, அவன் இலைக்கு முன் அமர்ந்து, சதையை விரலால் உதிர்த்து, ஒவ்வொரு முள்ளாகத் தடவி எடுத்தார். அழவில்லை, அவசரப்படவில்லை, பிள்ளையின் பசியை மட்டுமே நினைத்த முகம் அது. கைநிறைய முள்ளோடு எழுந்து அம்மாவே கதவைச் சாத்தினார். நான் கதவிடுக்கில் பார்க்கவில்லை. அவன் வந்துவிட்டான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

இன்று எங்கள் தெருவை மாடிக் கட்டடங்கள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. விறகடுப்பு போய்விட்டது, மீனைக் கடையிலேயே துண்டு போட்டுத் தருகிறார்கள். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. தலை நரைத்த நானும் செல்வியும்தான் இலை விரிக்கிறோம். கண்ணனுக்கு இப்போதெல்லாம் முள் எடுக்காமலேதான் மீன் வைக்கிறோம். பக்கத்து இலை அம்மாவுடையது.