செருப்போடு தூங்கியவள்

பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் மாமா திரும்பிப் போகிற நாளில் அவருடைய செருப்பை ஒளித்து வைப்பது எங்கள் வீட்டில் என் வேலை. பிடித்தவர்கள் சட்டென்று கிளம்பிவிடக் கூடாது என்பதற்காகப் பிள்ளைகள் செய்கிற குறும்புதான். மாமாவும் தேடுவதுபோல் தேடி, இன்னொரு வேளை சாப்பிட்டுவிட்டே போவார். இந்த அனுபவத்தை நம்பித்தான் ஒன்பது வயதில் நான் வைத்தியத்தில் தலையிட்டேன்.

அம்மா காரைக்காலில் ஓர் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் நர்ஸ். பள்ளி விட்டதும் நான் நேரே அங்கே போய்விடுவேன். இலங்கையில் சண்டை நடந்த காலம். படகில் தன்னந்தனியாக வந்து சேர்ந்த ஒரு பெண்ணை அங்கே வைத்திருந்தார்கள். என்னைவிட இரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். மூன்று நாளாகப் பேச்சில்லை, சரியான சாப்பாடில்லை. கட்டிலில்கூடச் செருப்போடுதான் படுப்பாள். ஊசியும் போடாமல் அம்மா அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பாள். இது என்ன வைத்தியம் என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

சீக்கிரமே அவளை முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று காதில் விழுந்தது. அவளுடைய கதையைத் தெரிந்துகொள்ளாமல் அனுப்ப எனக்கு மனமில்லை. அவள் கண்ணயர்ந்த நேரம் பார்த்துச் செருப்பை மெல்லக் கழற்றித் துணி அலமாரியில் ஒளித்தேன்.

விழித்தவள் காலைத் தடவிப் பார்த்தாள். அடுத்த நொடி கட்டிலுக்கடியில் இருந்தாள்.

"என்ர செருப்பு எங்க? நான் எப்பிடி ஓடுறது?"

அம்மா அவளைத் தொடவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டாள். "இது ஆஸ்பத்திரிம்மா. கதவு தொறந்துதான் இருக்கு. இங்க யாரும் உன்ன ஒண்ணும் செய்ய மாட்டாங்க." பிறகு என்னைப் பார்த்த பார்வையில் நானே ஓடிப்போய் எடுத்து வந்தேன். "நீ போயிடக் கூடாதுன்னு இவ ஒளிச்சு வச்சிருக்கா. எங்க ஊருப் புள்ளைங்க புடிச்சவங்களுக்கு இப்படித்தான் செய்யும்," என்றாள் அம்மா.

அவள் நடுங்கியதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் அவளைப் பேச வைத்தது நான்தானே என்று உள்ளூர ஒரு பெருமை.

சாயங்காலம் அம்மாவின் வேலை முடிந்தது. வார்டு வாசலில் விட்டிருந்த அம்மாவின் செருப்பைக் காணோம். தேடிக்கொண்டே உள்ளே வந்தால், அந்தப் பெண்ணின் போர்வைக்குள்ளிருந்து அதன் வார் தெரிந்தது. அவளோ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு படுத்திருந்தாள்.

பழிவாங்கிவிட்டாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிடுங்கப் போன என் கையை அம்மா பிடித்துக்கொண்டாள். மறுபடி கட்டிலோரம் உட்கார்ந்தாள். அந்தப் பெண் நிஜமாகவே தூங்கிய பிறகு, அம்மா செருப்பை எடுக்காமலே வெறுங்காலோடு பஸ்ஸுக்கு நடந்தாள். வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். தலத்தெருவில் வீட்டுப் படி ஏறியதும் அப்பாவிடம் நான்தான் முதலில் புகார் சொன்னேன்:

"அந்தப் பொண்ணு அம்மா செருப்பத் திருடிட்டாப்பா."